கோடியக்கரைக்குக் கிளம்பும் தம்பதிகளே... பாதத்தைப் பாருங்கள்!

"ஏனுங்க டாக்டர், எத்தனை நாளைக்குத்தான் ஊட்டி, வால்பாறைன்னு மலையையே சுத்தறது? ஒரு தடவை கடலுக்குப் போலாம்னு இருக்கறோம். எங்க ரெண்டு பேர் உடம்புக்கும் ஆகுங்களா?"

மார்கழி பிறந்துவிட்டால் போதும், காந்திபுரத்தில் என் மருந்தகத்துக்கு வருகிறவர்களில் யாராவது இப்படிக் கேட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் முதன்முதலாகத் தாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓர் ஊருக்குப் போகலாமே என்று நினைக்கும் பருவம் அது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதே ஐம்பதில்தான் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி என்று கூடவே கிளம்பி வருகிற விருந்தாளிகளும் உண்டு. டிக்கெட் எடுக்காமலே வருவார்கள்!

அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் கோடியக்கரை. ஏன் அந்த ஊர், எப்போது போவது, போகும்போது உடம்பை எப்படிக் காப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் கோடியக்கரை?

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே, சோழ மண்டலக் கரை சட்டென்று மேற்கே திரும்பும் மூக்குதான் கோடியக்கரை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலி படகோட்டிய ஊர் என்றால் உடனே புரியும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சதுப்பு, நடுவே காடு. இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

1967-ம் ஆண்டு இது வனவிலங்குச் சரணாலயம் ஆனது. ஈர நிலங்களைக் காப்பதற்காக ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971-ல் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன அல்லவா? அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் இடம்பெற்றது கோடியக்கரைதான். ஆண்டு 2002.

என்னைப் போன்ற சித்த மருத்துவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில் அகத்தியான்பள்ளி என்ற ஊர். எங்கள் மருத்துவத்தின் முதல் குரு என்று நாங்கள் வணங்கும் அகத்தியர் பெயரில் அமைந்த ஊர், அகத்தியருக்குக் கோயில் உள்ள ஊர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய நினைவுத்தூணும் அங்கேதான். உப்பு, மூலிகை, சுதந்திரம் என்று மூன்றும் ஒரே சாலையில்!

எப்போது, எப்படி?

பறவைகளுக்காகப் போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போங்கள். நம் பெரும்பொழுதுக் கணக்கில் அது முன்பனிக் காலம். வெயில் தணிந்திருக்கும், பசி நன்றாக எடுக்கும், நடந்தால் களைப்புத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும் உள்ள மாதங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையேறியது. காட்டில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன, மான்களும் மடிந்தன. ஆகவே வானிலை அறிவிப்பைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

கோவையிலிருந்து மன்னார்குடிக்கு செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவு வண்டி இருக்கிறது. மன்னார்குடியில் இறங்கி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய்விடலாம். பஸ்ஸில் போகிறவர்கள் சிங்காநல்லூரில் ஏறித் திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் போகலாம். ஒரே மூச்சில் போகாமல் தஞ்சையில் ஒரு ராத்திரி தங்கிப் போவது மூட்டு வலிக்காரர்களுக்கு நல்லது. இரவு தங்குவதற்கு வேதாரண்யம் வசதி. அங்கிருந்து கோடியக்கரை பத்து கிலோமீட்டர் சொச்சம்தான்.

மேட்டு நிலத்து உடம்பு, நெய்தல் காற்று

கோவை கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம்மைத் தாலாட்டுகிறது. வியர்த்தாலும் உடனே உலர்ந்துவிடும். வியர்வை உலரும்போதுதான் உடம்பின் சூடு வெளியேறுகிறது.

கடற்கரையில் கதையே வேறு. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது, வழிந்துகொண்டே இருக்கும். நீரும் உப்பும் போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். ஆனால் கடற்காற்று முகத்தில் ஜிலுஜிலுவென்று அடிப்பதால் நமக்கு வெயிலும் தெரியாது, தாகமும் தெரியாது. இதுதான் ஏமாற்று. மத்தியானம் 'என்னமோ தலை சுத்துது' என்று உட்காருகிறவர்களில் பலருக்கு நோய் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து குடிக்காத தண்ணீர்தான் காரணம்.

பழைய நூல்களும் நிலத்தை வைத்து நோயைச் சொல்லியிருக்கின்றன. நோய் குறைந்த நிலம் மருதம் என்றும், நெய்தலில் உவர்ப்பு மிகுதி, அங்கே நீடித்துத் தங்கினால் குடலுக்கும் உறுப்புகளுக்கும் வீக்கம் வரும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். மூன்று நாள் போய் வருவதால் அதெல்லாம் வந்துவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் உப்பு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்ற குறிப்பு இன்றைக்கும் பொருந்தும்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் மணிக்கொரு தரம் ஒரு தம்ளர் தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள். இளநீர் சிறந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரில் உள்ள பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பானகம் சர்க்கரைக்காரர்களுக்கு வேண்டாம்.

கிளம்பும் முன்

ஒரு வாரம் முன்பே சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 'கடற்கரைக்குப் போகிறேன், நிறைய வியர்க்கும்' என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். 'மூணு நாள்தானே' என்று எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இதைச் சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தைக் கார் டேஷ்போர்டில் வைக்கவே கூடாது. வாய் அகன்ற பிளாஸ்க்கில், ஐஸ் கட்டி நேரே படாமல் துணி சுற்றி வைத்துக் கொண்டுபோங்கள்.

எண்ணெய்க் குளியல் போடுவதானால் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே போட்டுவிடுங்கள். எண்ணெய் தேய்த்த அன்று வெயிலில் அலைவதும் பகல் தூக்கமும் ஆகாது என்பது நம் முறை. பஸ்ஸில் குமட்டுகிறவர்கள் சுக்குத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

காட்டில் என்ன பார்ப்பீர்கள்?

கோடியக்கரையின் ராஜா வெளிமான். கிடா மேலே கருப்பு, அடியில் வெள்ளை. திருகுத் திருகாகக் கொம்பு. பெண் மான் பழுப்பு நிறம், பெரும்பாலும் கொம்பு இருக்காது. 'நம்ம பக்கம் பவானிசாகர்ல இருக்குதே' என்பீர்கள். உண்மைதான். ஆனால் கடற்கரைப் புல்வெளியில் வெளிமான் துள்ளுவதைப் பார்ப்பது தனி அழகு. வீட்டுக் குதிரைகளாக இருந்து காட்டுக்குத் திரும்பிய குதிரைகளும் அங்கே சுற்றுகின்றன. புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, குரங்கு எல்லாம் உண்டு.

சதுப்புப் பக்கம் போனால் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகைச் சல்லடையாக்கி உப்புத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். தின்னும் பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறமிதான் அதன் இறகுக்கு ரோஜா நிறம் தருகிறது. உணவே உடம்பாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? கூழைக்கடா, நாரை, ஆலா என்று வரிசையாக வரும். கரையோரம் ஓடியாடும் கொசு உள்ளானைக் கட்டாயம் பாருங்கள். முப்பது கிராம்கூடத் தேறாத அந்தக் குருவி வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்து வருகிறது! பறவை அறிஞர் சலீம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்ந்த இடம் இது.

காட்டுக்குள் பாலை மரம் நிறைய நிற்கிறது. கோடையில் அதன் மஞ்சள் பழம் மனிதனுக்கும் மானுக்கும் தீனி. பல் துலக்கும் குச்சிக்குப் பேர் போன உகாய் மரம் உண்டு. மணலில் அடும்புக் கொடி படர்ந்து ஊதாப் பூப் பூத்திருக்கும். சங்கங்குப்பி, நெருஞ்சில், தாழை என்று எங்கள் மருந்துச் சரக்கு ஏராளம். மருத்துவத் தாவரப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கிய பகுதியும் இந்தக் காட்டில் இருக்கிறது. ஆகவே ஒரு இலையைக்கூடப் பறிக்காதீர்கள். பறித்தால் சட்டப்படி தப்பு என்பதோடு, பெயர் தெரியாத பச்சிலையை வாயில் வைப்பது உயிருக்கே உலை.

குரங்குக்குத் தீனி போடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கேளுங்கள். இதற்குப் பச்சிலை வைத்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது.

ஒரு பாதத்தின் கதை

எனக்குத் தெரிந்த தம்பதி. அவருக்கு வயது 58, காந்திபுரத்தில் உதிரி பாகக் கடை. பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. கடற்கரையில் மத்தியானம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்திருக்கிறார். மணல் கொதித்திருக்கிறது. அவருக்குச் சுடவே இல்லை! 'மணல் மெத்து மெத்துன்னு இருந்துச்சுங்க' என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ராத்திரி லாட்ஜில் படுக்கும்போது மெத்தை விரிப்பில் ஈரம். அந்த அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தால், இரண்டு உள்ளங்காலிலும் ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம், ஒன்று உடைந்திருக்கிறது. அவர் 'ஒண்ணுமில்ல, தூங்கு' என்றாராம். அந்த அம்மா தூங்கவில்லை. விடிந்ததும் மஞ்சளைக் குழைத்துப் பூசலாம் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னதையும் கேட்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். புண் ஆறுவதற்கு ஏழு வாரம் ஆயிற்று. ஆனால் கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டிருந்தால், சீழ் வைத்து விரலையோ பாதத்தையோ எடுக்கும் நிலை வந்திருக்கலாம். அப்படி எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் சுடவில்லை? பல வருஷச் சர்க்கரை பாதத்து நரம்புகளை மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது. வலிதான் உடம்பின் காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் திருடன் உள்ளே புகுவது தெரியாது. கூடவே ரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறுவது தாமதம்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. புருஷன் காலைப் பார்த்த அந்த அம்மா தன் உடம்பைப் பார்க்கவில்லை. வழியில் கழிப்பறை சரியில்லை என்று மூன்று நாளும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி. கணவருக்கு அது தெரியவே தெரியாது. கேட்டால்தானே சொல்வார்?

ஆகவே கடற்கரைக்குப் போகும் தம்பதிகளுக்கு நான் தரும் முதல் மருந்துச் சீட்டு இதுதான்.

ராத்திரி படுக்கும் முன், ஒருவர் பாதத்தை இன்னொருவர் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம். 'இன்னைக்கு எத்தனை தம்ளர் தண்ணி குடிச்சே?' என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் நல்ல மருந்துதான். ஆனால் குளிர் ஜுரம், முதுகு வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.

அலையாத்திக் காட்டில்

இரண்டாம் நாள் முத்துப்பேட்டை. திருவாரூர் மாவட்டம். காயல் முழுக்க அலையாத்திக் காடு. படகில் போய்ப் பார்க்கலாம். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான பென்சில்களை நட்டுவைத்ததுபோல் மூச்சுவேர்கள் நிற்கும். சேற்றில் காற்று இல்லாததால் மரம் வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றிவிடுகிறது. வெயிலில் இலையைக் கவனித்தால் உப்புப் பூத்திருப்பது தெரியும். நமக்கு அந்த வேலையைச் செய்ய இரண்டே சிறுநீரகம்தான். மூன்று வேளையும் கருவாடு சாப்பிடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்!

ஒரு முக்கிய எச்சரிக்கை. அந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். கிளையை ஒடித்தால் பால் வடியும். அது தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வையே போகும் ஆபத்து உண்டு. படகில் போகும்போது கையை நீட்டிக் கிளையைப் பிடிக்காதீர்கள். பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் கண்ணில் விட வேண்டாம்.

பக்கத்தில் ஜாம்புவானோடை தர்கா. அங்கே அடங்கியிருப்பவர் ஹக்கீம் ஷேக் தாவூது. ஹக்கீம் என்றால் மருத்துவர். எல்லா மதத்தாரும் நோய் தீர வேண்டி வரும் இடம்.

நேரம் இருந்தால் மல்லிப்பட்டினம் அருகே மனோராவையும் பார்த்துவிடுங்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-ல் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். அவர் வெறும் ராஜா அல்ல, வைத்தியத்தில் பைத்தியம் கொண்டவர். தன்வந்திரி மகால் என்று மருந்துச் சாலை நடத்தினார். அவர் காலத்துச் சிகிச்சைகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று சரஸ்வதி மகால் நூலகத்தால் நூல்களாக வந்திருக்கின்றன. அந்தக் கரைக்கு எதிரே உள்ள பாக் விரிகுடாவில்தான் 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்புல் மேயும் சாதுவான பிராணி. கண்ணில் படுவது அபூர்வம். ஆனால் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்து நிற்பதே ஒரு சந்தோஷம்.

கடித்தால், கொட்டினால்...

*சொறி:* நுங்குபோல் மிதந்து வரும். இறந்து கரையில் கிடந்தாலும் கொட்டும். பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டுமே இன்னும் விஷத்தை இறக்கும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையைக் குச்சியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சூடு தெரியாது அல்லவா? அவர்களுக்கு வெந்நீரின் சூட்டை மற்றவர் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூச்சு முட்டல், நெஞ்சு இறுக்கம், முகம் வீங்குதல் இருந்தால் ஒத்தடமெல்லாம் வேண்டாம், ஓடுங்கள் ஆஸ்பத்திரிக்கு.

*திருக்கை:* ஆழமில்லாத சேற்று நீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் விலகிப்போகும். வாலில் உள்ள முள் குத்தினால் வெந்நீரில் காலை வைத்து வலியைத் தணித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உள்ளே முள் தங்கியிருக்கலாம். பெரிய முள் ஆழமாக ஏறி நின்றால் நீங்களே பிடுங்காதீர்கள்.

*கடல் பாம்பு:* துடுப்புபோல் தட்டையான வால்தான் அடையாளம். வலையோடு கரைக்கு வந்து விழும். கடித்தது பல சமயம் வலிக்கவே வலிக்காது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலி, சிறுநீர் கறுத்துப்போதல், இமை தொங்குதல் வரும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு நிலப் பாம்புகளுக்கானது. ஆனாலும் மூச்சையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற மருத்துவமனையால்தான் முடியும். கயிறு கட்டுவது, கீறிவிடுவது, பச்சிலை கொடுப்பது எதுவும் கூடாது.

கடல் மருந்து வாங்கலாமா?

இது பலர் என்னிடம் காதோடு காதாகக் கேட்கும் கேள்வி. 'டாக்டர், கடல் குதிரை கிடைக்குதாமா... கடல் அட்டை தெம்புக்கு நல்லதாமா... ஆமை ரத்தம் மூலத்துக்கு ஆகுமாமா...'

சித்த மருத்துவத்தில் கடல் சரக்குகள் உண்டு. மறுக்கவில்லை. முத்து, பவளம், சங்கு, பலகறை, கடல்நுரை என்று சொல்லும் கணவாய் ஓடு எல்லாம் நாங்கள் படித்தவைதான். ஆனால் சங்கைக் கல்லில் அரைத்துக் குடிப்பது மருந்து ஆகாது. சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி, புடம் போட்டு எடுத்தால்தான் அது சங்கு பற்பம். அதையும் வயிற்றைப் பார்த்து, வயதைப் பார்த்துக் குண்டுமணிக் கணக்கில் கொடுக்க வேண்டும். கரையில் பொறுக்கியதைப் பொடி செய்து விழுங்கினால் குடலுக்குத்தான் கேடு.

அடுத்தது, சட்டம். கடல் குதிரை, கடல் அட்டை, நம் கடலின் பவளப் பாறைகள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. வெளிமானும் ஆமையும் அதற்கு முன்பிருந்தே காக்கப்பட்டவை. வாங்கினாலும் குற்றம், பையில் வைத்திருந்தாலும் குற்றம். 'சிருங்கி பற்பம்னு நூலிலேயே மான் கொம்பு இருக்குதே' என்று வாதாடுவார்கள் சிலர். இருக்கிறது. அந்த நூல்கள் எழுதிய காலத்தில் மான் மந்தை மந்தையாக இருந்தது. இன்று ஒரு கொம்புக்கு விலை கொடுத்தால் அடுத்த மானுக்குக் கண்ணி வைக்கப் பணம் கொடுத்ததாகத்தான் அர்த்தம். நெஞ்சு வலிக்கும் இளைப்புக்கும் வேறு நல்ல மருந்துகள் எங்களிடம் இருக்கின்றன. மருந்து தீர்ந்துபோனால் வேறு தேடலாம், மான் தீர்ந்துபோனால் எங்கே தேடுவது?

ஆமை ரத்தம் மூலத்தைத் தீர்க்காது. ஆமைக் கறி சாப்பிட்டு விஷமேறி இறந்தவர்களே உண்டு. மூலத்துக்குத் துத்திக் கீரையும், கருணைக் கிழங்கும், வேளாவேளைக்குத் தண்ணீரும் போதும். தை முதல் பங்குனி வரை கோடியக்கரை மணலில் முட்டையிட வரும் ஆமைக்கே பங்குனி ஆமை என்றுதான் பெயர். வனத்துறையினர் முட்டைகளை எடுத்துவைத்துப் பொரிக்கச் செய்து குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தால் பாருங்கள். டார்ச் அடிக்காமல், தொடாமல் பாருங்கள்.

சாப்பாடு

நம் பக்கத்தில் கடல் மீன் பழக்கம் குறைவு. முதன்முதலாக நண்டு, இறால் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். உதடு அரிப்பு, தடிப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். வெயிலில் கிடந்த சூரையும் கானாங்கெளுத்தியும் எவ்வளவு கொதித்தாலும் ஆபத்துதான். முகம் சிவந்து படபடப்பு வரும். ஐஸில் இருந்த மீன் என்று தெரிந்தால் மட்டும் சாப்பிடுங்கள். ரத்த அழுத்தக்காரர்களுக்குக் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம்.

வேதாரண்யத்து உப்பை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கடல் உப்பு என்பதாலேயே அதில் போதுமான அயோடின் இருக்கும் என்பது தவறு. தூள் உப்பில் அயோடினைச் சேர்க்கிறார்கள், கல் உப்பில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே வையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

• தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஐந்து நாளைக்கு. மருந்துச் சீட்டு நகல் ஒன்று.

• பருத்திக் காலுறை இரண்டு ஜோடி, மூடிய காலணி. சர்க்கரைக்காரர்கள் கடல் அலையில் நிற்கும்போதும் கழற்றக் கூடாது.

• குடை, தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை. உச்சிப் பொழுது பதினொன்று முதல் மூன்று வரை நிழலில்.

• உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவாக. வயிற்றுப்போக்கானால் சர்க்கரைக்காரர்களும் குடிக்கலாம், சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

• சர்க்கரைக்காரர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் வாயில் போடக் கொஞ்சம் குளுக்கோஸோ சர்க்கரையோ.

• கொசுவலை. உப்பளத்து ஊர்க் கொசு லேசுப்பட்டதல்ல.

• ஒரு பைனாகுலர், ஒரு சின்ன டார்ச். டார்ச் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்: ராத்திரி பாதம் பார்க்க!

• பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். மான் தின்றால் குடல் அடைத்துச் செத்துப்போகும்.

முன்பனிக் காலம் கடந்துவிட்டால் பறவைகள் வந்த வழியே திரும்பிவிடும். முப்பது கிராம் குருவி அத்தனை தூரம் பறந்து வருகிறது. நாம் ஒரு ராத்திரி ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வர மாட்டோமா? போய் வாருங்கள். இரண்டு பேரும் நல்ல காலோடு போய், நல்ல காலோடு திரும்புங்கள்.